கரண்டும் உப்புக்காற்றும்: டிஸ்க்கை எதில் ஃபார்மட் அடிப்பது?

புது ஹார்டு டிஸ்க் வாங்கியதும் எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வேகமானது என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். ராமநாதபுரம் கரையோரத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த டிஸ்க்கை எந்தெந்தக் கருவியில் செருகப்போகிறோம் என்பது முதல் கேள்வி. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலோ கேபிள் விலகினாலோ என்ன மிஞ்சும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வேகத்தைப் பற்றி யோசிக்கவே பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டில் இருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டம்களுக்கு இடையிலான வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்று செய்கிற வேலை அதைவிட மெதுவானது. யூஎஸ்பி முனையின் பின்களில் பச்சை பூத்து, தொடர்பு அரை நொடி விட்டு விட்டு வரும். டிஸ்க் நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். இந்த இரண்டையும் தாங்குமா என்று பார்த்துத்தான் இங்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை ஜன்னலில்) அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாக அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

எஃப்ஏடி32 எங்கே தவிர்க்க முடியாது

படகில் இருக்கும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், காரில் இருக்கும் ஸ்டீரியோ, பழைய எல்இடி டிவி, லாட்ஜ் வரவேற்பறையில் ஓடும் டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி) என எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே மொழி எஃப்ஏடி32. இந்தக் கருவிகளுக்கு என்றால் தேர்வு என்று ஒன்று கிடையாது. எஃப்ஏடி32 அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆனால் மூன்று விஷயங்கள் இடிக்கும். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. ஒரு பைட் குறைவாக இருக்க வேண்டும். பாம்பன் பாலத்தை ட்ரோனில் 4கே எடுத்தவர்கள், ஒரே ஷாட் ஏன் இரண்டு மூன்று துண்டாகச் சேமிக்கப்படுகிறது என்று கேட்பதற்கு இதுதான் பதில். கார்டு எஃப்ஏடி32 என்றால் ட்ரோனே 4 ஜிபிக்கு முன்னால் வெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும். அடுத்தது, விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேற்பட்ட பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் பிரித்த பகுதிக்கு) எஃப்ஏடி32 என்ற விருப்பத்தையே காட்டாது. 64 ஜிபி பென் டிரைவ் எஃப்ஏடி32-ஐ ஏற்காது என்று பலர் நினைப்பது இதனால்தான். லினக்ஸில் அந்தத் தடை இல்லை:

சூடோ எம்கேஎஃப்எஸ்.விஃபேட் -எஃப் 32 -என் பேர் /டெவ்/எஸ்டிபி1

எஸ்டிபி1 என்பது எஸ்டிபி என்ற டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். உங்கள் கணினியில் பெயர் வேறாக இருக்கலாம், சரிபார்க்கும் விதம் 'வேலையைத் தொடங்குவோம்' பகுதியில் இருக்கிறது. இதில் எஃப் பெரிய எழுத்து. 'பேர்' என்ற இடத்தில் 11 எழுத்துக்குள் ஆங்கிலப் பெயர். மூன்றாவது, பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற அட்டவணை. அதில் பழைய வகை எம்பிஆர், புது வகை ஜிபிடி. கார் ஸ்டீரியோ, பழைய டிவி போன்றவற்றில் பல, ஜிபிடி டேபிளைப் படிக்காது. ஃபைல் சிஸ்டம் சரியாகவே இருந்தும் 'நோ டிவைஸ்' என்று காட்டினால், டேபிளை எம்பிஆர் ஆக்கிப் பாருங்கள்.

படகு ஜிபிஎஸ் கார்டைக் கணினியில் ஃபார்மட் அடிக்காமல், அந்தக் கருவியின் மெனுவிலேயே அடிப்பது நல்லது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கார்டு போதும். 32 ஜிபியைத் தாண்டிய எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டாக வரும். பழைய கருவி அதை அடையாளமே காணாது. பார் இருக்கும் இடம், வலை சிக்கும் இடம், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டிய இடம் என்று வருடக்கணக்கில் சேர்த்த வேபாயின்ட்கள் அந்தக் கார்டில்தான் இருக்கும். எஃப்ஏடி32-இல் பாதுகாப்பு என்று எதுவும் இல்லாததால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும் தடைக்காலத்தில் கார்டைக் கழற்றி ஒரு பிரதி எடுத்துவைத்துவிடலாம். சில எம்பி கூட வராது.

டிவிஆரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த ஃபைல் சிஸ்டம் இருக்கும். அதைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால் 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். ஆமாம் என்று சொன்னால் பதிவு போச்சு. டிவிஆர் மெனுவிலிருந்து எஃப்ஏடி32 பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்வதுதான் வழி.

எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா

பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று வந்ததும் எல்லோரும் சொல்வது எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக், லினக்ஸ், பெரும்பாலான புது போன்கள் எல்லாம் எழுதும், படிக்கும். 4 ஜிபி தடை கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்து, 2019-இல் விவரக்குறிப்பை வெளியிட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 5.7 பதிப்பிலிருந்து நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கீழக்கரையில் வெளிநாட்டிலிருந்து வந்தவரின் மேக்கிலும் உள்ளூர் விண்டோஸிலும் ஒரே டிஸ்க் போய்வர வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் தவிர வேறு வழியில்லை. மேக், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது.

ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் இல்லை. ஜர்னல் என்றால் என்ன என்பதைக் கடைக்காரர்களுக்குச் சொல்வது சுலபம்: பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் சிட்டையில் குறித்துவைப்பது. பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் விட்டுப்போனாலும் சிட்டையைப் பார்த்து முடித்துவிடலாம். எக்ஸ்ஃபேட்டுக்கு சிட்டை கிடையாது, நேராகப் பேரேடுதான். எழுதும்போது கரண்ட் போனால், அந்த நேரத்தில் மாறிக்கொண்டிருந்த டைரக்டரி எந்த நிலையில் நின்றது என்று அதற்கே தெரியாது. முழு டிஸ்க்கையும் சரிபார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பில் ஒரு போல்டரே காணாமல் போவதும் நடக்கும்.

இன்னொரு குறை, க்ளஸ்டர் (ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச்சிறிய துண்டு) அளவு. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டில் விண்டோஸ் தானாக வைக்கும் க்ளஸ்டர் 128 கேபி. ஒரு பைட் ஃபைலும் 128 கேபி இடத்தை எடுத்துக்கொள்ளும். 4 கேபி அளவில் 10,000 சின்ன ஃபைல் வைத்தால் உள்ளடக்கம் 40 எம்பி, பிடிக்கும் இடம் 1.2 ஜிபிக்கு மேல். கல்யாண வீடியோவுக்கு இது பிரச்சினையே இல்லை. பட்டா, சான்றிதழ், பில் என்று சின்னச்சின்ன ஃபைல்களை அடுக்கிவைக்கும் அலுவலகத்துக்கு இது வீண். ஃபார்மட் ஜன்னலில் 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்ற இடத்தில் 32 கேபி என்று மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க் விண்டோஸ் கணினிகளுக்கு இடையில் மட்டும்தான் போய்வரும் என்றால் என்டிஎஃப்எஸ்ஸே என் தேர்வு. ஜர்னல் உண்டு, கரண்ட் போன பிறகு திரும்ப வந்தால் டைரக்டரி அமைப்பு நிற்கும். (பாதி எழுதின ஃபைல் பாதியாகத்தான் இருக்கும். ஜர்னல் காப்பது அமைப்பை, உள்ளடக்கத்தை அல்ல.) ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் எடிட்டிங் கணினியிலேயே செருகிவைத்திருக்கும் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். மேக் ஒன்றும் அங்கே இல்லை என்றால் அந்த ஆபத்து எதற்கு?

லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு வில்லங்கம் வரும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஓடிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் என்பது உண்மையில் அரைத் தூக்கம். லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும். விண்டோஸில் அட்மின் கட்டளை ஜன்னலைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' என்று அடித்தால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் லினக்ஸிலிருந்து 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' ஓட்டிச் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, ஜர்னலைக் காலி செய்து, விண்டோஸ் அடுத்து பூட் ஆகும்போது சரிபார்க்கும்படி குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். உண்மையான பழுதுபார்ப்பு விண்டோஸில் 'செக்டிஸ்க் /எஃப்' (அடிக்கும்போது சிஹெச்கேடிஎஸ்கே).

பேக்கப் டிஸ்க்குக்கு இஎக்ஸ்டி4

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு பேக்கப் பெட்டியாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. இங்கேதான் தேர்வு உண்மையில் விரிகிறது: இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்.

பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்து, படம் சத்தமில்லாமல் கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும். நல்ல டிஸ்க், நல்ல யூபிஎஸ் இருந்தால் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அது ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: 'எழுதியாச்சு' என்று டிஸ்க் சொன்னால் அது உண்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மலிவான யூஎஸ்பி பெட்டிகளுக்குள் இருக்கும் சில சிப்கள் இதில் பொய் சொல்லும். அந்த நேரம் கரண்ட் போனால் அடுத்த முறை 'பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்ட்' என்ற செய்தியோடு மவுன்ட் ஆகாமல் (கணினியில் திறக்காமல்) நிற்கும். அதைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் முடியாத வேலை. கிடைத்ததை வெளியே எடுத்துக்கொண்டு மறுபடி ஃபார்மட் அடிக்க வேண்டியதுதான். எக்ஸ்எஃப்எஸ் பெரிய ஃபைல்களுக்குத் திடமானது. ஆனால் ஒருமுறை போட்டால் சுருக்க முடியாது. நாளைக்கு 500 ஜிபி வெட்டி வேறு எதற்காவது எடுக்கலாம் என்றால் வழியில்லை.

இஎக்ஸ்டி4-இல் புதுமை எதுவும் இல்லை. 2008 டிசம்பரில் கெர்னல் 2.6.28-இல் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது, அதிலிருந்து உலகமெங்கும் அடிபட்டுத் தேறியது. அடிபட்ட பிறகு எழுந்து நிற்பதில் அதற்கு இணை குறைவு. 'இ2எஃப்எஸ்சிகே' என்ற பழுதுபார்க்கும் கருவி, மோசமாகச் சிதைந்த டிஸ்க்கிலிருந்தும் பெரும்பாலான ஃபைல்களை மீட்டுத்தரும். இந்தக் கரையில் மலிவான பெட்டி, இன்வெர்ட்டர் கரண்ட் என்றால் என் ஓட்டு இஎக்ஸ்டி4-க்கு.

ஆனால் அதை அப்படியே போட்டால் இடம் வீணாகும். 4 டிபி டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விருப்பமும் கொடுக்காமல் ஃபார்மட் அடித்தால் ரூட் பயனருக்கென்று (லினக்ஸின் நிர்வாகிக்கென்று) 5 சதவீதம், அதாவது 200 ஜிபி, ஒதுக்கப்படும். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அது தேவை. டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட வேண்டும். வெறும் படமும் வீடியோவும் வைக்கும் டிஸ்க்குக்கு ஒரு சதவீதமே அதிகம். அடுத்தது ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவு. ஒரு ஃபைலுக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொரு 16 கேபிக்கும் ஒரு ஐநோடு என்று 24 கோடிக்கு மேல் உருவாகும். ஒன்றுக்கு 256 பைட் வீதம் 62 ஜிபி. கல்யாண ஆல்பம் வைக்கும் டிஸ்க்கில் 24 கோடி ஃபைல் எப்போது வரப்போகிறது?

இதற்கு 'லார்ஜ்ஃபைல்' என்ற விருப்பம் உண்டு. 1 எம்பிக்கு ஒரு ஐநோடு. 4 டிபியில் சுமார் 38 லட்சம் ஃபைல் வைக்கலாம், ஐநோடுக்குப் போவது 1 ஜிபி. 'லார்ஜ்ஃபைல்4' என்று இன்னொன்றும் இருக்கிறது, 4 எம்பிக்கு ஒன்று. பார்க்க இன்னும் சிக்கனம். ஆனால் அதில் ஏறக்குறைய 9.5 லட்சம் ஃபைலோடு கதை முடிந்துவிடும். எடிட்டிங் மென்பொருள்கள் ஒவ்வொரு படத்துக்கும் சின்னச்சின்ன ப்ரிவியூ ஃபைல்களைக் கொட்டும். ஐநோடு தீர்ந்துபோனால் 2 டிபி காலியாக இருக்கும்போதே 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வரும். 'டிஎஃப் -ஐ' அடித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். ஒதுக்கீட்டைப் பிறகு 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று மாற்றிக்கொள்ளலாம். ஐநோடு விகிதத்தை மாற்ற முடியாது; மறுபடி ஃபார்மட்தான். அதனால் 'லார்ஜ்ஃபைல்' போதும், அதற்குமேல் பேராசை வேண்டாம்.

வேலையைத் தொடங்குவோம்

பெரும்பாலான நாசம் நடப்பது முதல் அடியில்: தப்பான டிஸ்க். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிரந்தரமல்ல. அடுத்த முறை பூட் செய்யும்போது இடம் மாறும். வேலைக்குத் தேவையில்லாத எல்லா எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு, பிறகு இதை அடியுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,எஃப்எஸ்டைப்,லேபிள்,மவுன்ட்பாயின்ட்

சீரியல் எண்ணை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் சில நேரம் பெட்டியின் எண் காட்டும். அப்போது அளவையும் மாடலையும் வைத்து முடிவு செய்யுங்கள். 4 டிபி டிஸ்க் இங்கே 3.6டி என்று தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் போகாதீர்கள். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்கிச் சொல்கிறது, கணினி 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது.

பழைய டிஸ்க் என்றால் முன்பிருந்த அடையாளங்களைத் துடைக்க வேண்டும். எம்பிஆரும் ஜிபிடியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிறகு கருவிகள் குழம்பும். நம் டிஸ்க் எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம்:

சூடோ வைப்எஃப்எஸ் -ஏ /டெவ்/எஸ்டிபி
சூடோ பார்ட்டட் /டெவ்/எஸ்டிபி எம்கேலேபிள் ஜிபிடி
சூடோ பார்ட்டட் -ஏ ஆப்டிமல் /டெவ்/எஸ்டிபி எம்கேபார்ட் டேட்டா இஎக்ஸ்டி4 1எம்ஐபி 100%

ஜிபிடி ஏன் என்றால், எம்பிஆர் டேபிளில் 512 பைட் செக்டர் (டிஸ்க்கின் மிகச்சிறிய கூறு) கணக்கில் 2 டிஐபிக்கு (1024 கணக்கில் 2 டிபிக்கு) மேல் எட்டாது. 4 டிபி டிஸ்க்கில் பாதி கண்ணிலேயே படாது. 1எம்ஐபி என்று தொடங்குவது, டிஸ்க்கின் உள்ளே இருக்கும் 4096 பைட் செக்டர்களோடு பார்ட்டிஷன் ஒட்டிப் பொருந்துவதற்காக. பழைய காலத்து 63-வது செக்டரில் தொடங்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு செக்டர்மேல் விழுந்து வேகம் செத்துவிடும்.

மூன்றாவது வரியில் 'இஎக்ஸ்டி4' என்று இருப்பதைப் பார்த்து ஃபைல் சிஸ்டம் உருவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அது பார்ட்டிஷன் டேபிளில் வகையைக் குறிப்பது மட்டும்தான். ஆனால் அந்தக் குறிப்புக்கு வேலை உண்டு. 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்று குறித்திருந்தால் விண்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்தே கொடுக்காது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்று குறித்த பார்ட்டிஷனுக்குள் இஎக்ஸ்டி4 இருந்தால், விண்டோஸில் செருகியதும் 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு ஜன்னல் எழும். வீட்டில் யாராவது ஓகே என்று தட்டினால் அதோடு சரி. எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு: லினக்ஸில் என்டிஎஃப்எஸ் போட்டுவிட்டு வகையை மாற்றாமல் விட்டால், விண்டோஸில் டிஸ்க் தெரியவே தெரியாது. ஜிடிஸ்க் என்ற லினக்ஸ் கருவியில் வகைக் குறியீடு 0700 என்று மாற்றினால் வந்துவிடும்.

இனி ஃபைல் சிஸ்டம்:

சூடோ எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 -எல் பேக்கப் -எம் 1 -டி லார்ஜ்ஃபைல் /டெவ்/எஸ்டிபி1

எல்லும் டியும் பெரிய எழுத்து, எம் சின்ன எழுத்து. கடைசியில் இருக்கும் 1 முக்கியம். அது இல்லாவிட்டால் பார்ட்டிஷனை விட்டு முழு டிஸ்க்கின்மேல் எழுதிவிடும். அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் இஎக்ஸ்டி4 'தொடரவா' என்று கேட்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் '-எஃப்' கொடுக்காமல் மறுத்துவிடும். விஃபேட் எதையும் கேட்காமல் அடித்துவிடும்.

4 டிபி சில நொடிகளில் முடிந்துவிட்டதே என்று சந்தேகப்பட வேண்டாம். ஐநோடு அட்டவணையைச் சுத்தம் செய்யும் வேலையைக் கெர்னல் முதல் மவுன்ட்டுக்குப் பிறகு பின்னணியில் செய்யும். டிஸ்க் சும்மா இருக்கும்போதும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் அதுதான். என்டிஎஃப்எஸ் நேர்மாறு. 'எம்கேஎஃப்எஸ்.என்டிஎஃப்எஸ்' என்று வெறுமனே அடித்தால் முழு டிஸ்க்கையும் சுழியால் நிரப்பும். நொடிக்கு 150 எம்பி வீதம் 4 டிபிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நம் ஊரில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று நீங்களே சொல்லுங்கள். '-எஃப்' என்ற விரைவு விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள், சின்ன எழுத்து.

மவுன்ட் செய்ததும் எழுத அனுமதி இல்லை என்று வரும். இஎக்ஸ்டி4-இன் மேல் டைரக்டரி ரூட்டுக்குச் சொந்தமாகப் பிறக்கிறது, அதனால்தான். மவுன்ட் ஆன இடத்தில் ஒருமுறை 'சௌன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை, அடிக்கும்போது சிஹெச்ஓடபிள்யூஎன்) கொடுத்தால் போதும், அது டிஸ்க்கிலேயே பதிந்துவிடும். எக்ஸ்ஃபேட், எஃப்ஏடி32 இரண்டுக்கும் உரிமை என்ற விஷயமே கிடையாது. அங்கே மவுன்ட் விருப்பத்தில் 'யூஐடி=1000' என்று கொடுக்க வேண்டும்.

தானாக மவுன்ட் ஆக எஃப்எஸ்டேப்பில் (/இடிசி/எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில்) ஒரு வரி. எஸ்டிபி1 என்று எழுதாமல், 'பிஎல்கேஐடி' காட்டும் யூயூஐடியை (பார்ட்டிஷனின் மாறாத அடையாள எண்ணை) எழுதுங்கள். வரியின் தொடக்கத்தில் யூயூஐடி என்பது மட்டும் பெரிய எழுத்து:

யூயூஐடி=இங்கே-எண் /எஸ்ஆர்வி/பேக்கப் இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஏடைம்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் 0 2

'நோஃபெயில்' இல்லாமல் விட்டால், டிஸ்க் செருகாத ஒரு நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். திரையும் கீபோர்டும் இல்லாத பேக்கப் பெட்டி என்றால் அது செத்ததுக்குச் சமம். எழுதி முடித்ததும் ரீபூட் செய்யாமல், 'மவுன்ட் -ஏ' என்று அடித்து வரி சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், எல்லா ஃபைல் சிஸ்டமும் ஏற்கும். ஆனால் கணக்கு வேறு. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் பெயரின் நீளத்தை 255 குறிகள் என்று எண்ணும். இஎக்ஸ்டி4 255 பைட் என்று எண்ணும். லினக்ஸ் பெயர்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'பு' என்பது ப ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறி, 6 பைட். 'இராமநாதபுரம்' என்ற சொல் மட்டும் 36 பைட். அதை இடைவெளி விட்டு ஏழு முறை எழுதினால் இஎக்ஸ்டி4-இன் எல்லை தாண்டிவிடும். கிராமம், சர்வே எண், உரிமையாளர் பெயர், தேதி என்று ஸ்கேன் செய்த பத்திரத்துக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைத்தவர்கள், விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது 'ஃபைல் நேம் டூ லாங்' என்று நிற்பது இதனால்தான். மற்ற ஃபைல்கள் எல்லாம் போய்விடும், இவை மட்டும் விடுபடும். கடைசிச் செய்தியைப் படிக்காதவர்களுக்குத் தெரியவே தெரியாது. 80 குறிக்குள் வைத்துக்கொண்டால் எங்கும் போகும்.

டிஸ்க்குக்கு வைக்கும் லேபிள் இன்னும் குறுகியது. இஎக்ஸ்டி4-இல் 16 பைட், அதாவது ஐந்து தமிழ்க் குறி. 'கடல்' பொருந்தும், 'பாம்பன்' பொருந்தாது. லேபிளை ஆங்கிலத்திலேயே வைத்துவிடுவது நிம்மதி. எஃப்ஏடி32 பென் டிரைவைக் கையால் மவுன்ட் செய்தபிறகு தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'யூடிஎஃப்8' என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடி மவுன்ட் செய்தால் சரியாகிவிடும்.

கெட்டுப்போகும் விதங்கள்

நகல் எடுக்கும் பட்டை 100 தொட்டதும் பென் டிரைவைப் பிடுங்குவது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து யூஎஸ்பி டிரைவுகளுக்கு 'உடனே எடுக்கலாம்' என்ற முறை இயல்பாக இருப்பதால் அங்கே பழகியவர்கள் லினக்ஸிலும் அதையே செய்கிறார்கள். லினக்ஸ் முதலில் ராமில் வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாக இறக்கும். ராமில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க '/ப்ராக்/மெம்இன்ஃபோ'வில் 'டர்ட்டி' என்ற வரியைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான எம்பி நிற்பதைக் காணலாம். 'யூமவுன்ட்' கொடுத்து அது முடிந்து பிராம்ப்ட் திரும்பி வந்த பிறகே கழற்ற வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியம் அடுத்தது. பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் கரண்ட் மாறும் நேரம் கணினிக்குத் தாங்காது, ரீஸ்டார்ட் ஆகிவிடும். அந்தச் சுவிட்சைத் திருப்புவதற்குக் காசு செலவில்லை. தனியாக அடாப்டர் வைத்த 3.5 அங்குல டிஸ்க் என்றால், கணினி யூபிஎஸ்ஸில் இருந்து அடாப்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருப்பதையும் பார்க்கலாம். அது இன்னும் மோசம். கணினி எழுதிக்கொண்டே இருக்கும், டிஸ்க் செத்திருக்கும்.

உப்பு. மவுன்ட் ஆகி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இஎக்ஸ்டி4 திடீரென்று 'ரீட்-ஒன்லி' ஆனால் உடனே ஃபைல் சிஸ்டத்தைத் திட்டாதீர்கள். பிழை கண்டதும் மேலும் கெடாமல் பூட்டிக்கொண்டிருக்கிறது, நல்லதுதான். 'டிமெசேஜ்' (கெர்னலின் செய்திப் பதிவு, அடிக்கும்போது டிஎம்இஎஸ்ஜி) பார்த்தால் யூஎஸ்பி ரீசெட் வரிகள் வரிசையாக நிற்கும். பிறகு இது:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -டி சாட் -ஏ /டெவ்/எஸ்டிபி

டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் எண் வரிசைப் பட்டியலை இது காட்டும். எண் 199, 'சிஆர்சி எரர்' ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெட்டிக்குள் டிஸ்க் முனையில். 197 (படிக்கத் திணறும் செக்டர்கள்), 5 (பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள்) இரண்டும் சுழியில் நின்றால் தட்டு நலம். 199-உம் அசையாமல் ரீசெட் மட்டும் வந்தால் யூஎஸ்பி கேபிளும் அதன் முனையும்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முனைகளைத் துடைத்து, காய்ந்த பிறகு குட்டைக் கேபிள் ஒன்று போட்டுப் பாருங்கள். அகலமான மைக்ரோ-பி முனை வைத்த டிஸ்க்குகள் இதில் முதலில் தளரும். பயன்படுத்தாத நாளில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி இறுகிய டப்பாவில் வைக்கலாம்.

197 சுழியில் இல்லை, ஏறுகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். 'இ2எஃப்எஸ்சிகே'யும் வேண்டாம், 'செக்டிஸ்க்'கும் வேண்டாம். இரண்டும் டிஸ்க்கின்மேல் எழுதும், சாகிற தட்டை இன்னும் சாகடிக்கும். முதலில் 'டிடிரெஸ்க்யூ' வைத்து வேறு டிஸ்க்குக்கு முழு நகல், பிறகு அந்த நகலின்மேல் பழுதுபார்ப்பு.

டிஸ்க் நலம், ஆனால் 'பேட் சூப்பர்பிளாக்' என்று மவுன்ட் ஆகவில்லை என்றால் கதை முடியவில்லை. சூப்பர்பிளாக் என்பது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் தொகுதி. இஎக்ஸ்டி4 அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைத்திருக்கிறது; 4 கேபி பிளாக் என்றால் முதல் பிரதி 32768-இல்:

சூடோ இ2எஃப்எஸ்சிகே -பி 32768 -பி 4096 /டெவ்/எஸ்டிபி1

இதில் முதல் பி சின்ன எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. அதுவும் போயிருந்தால் 98304, 163840. மற்ற இடங்கள் தெரிய வேண்டுமென்றால், ஃபார்மட் அடித்தபோது கொடுத்த அதே விருப்பங்களோடு எம்கேஎஃப்எஸ் கட்டளையில் சின்ன '-என்' சேர்த்து ஓட்டினால், எதையும் எழுதாமல் பட்டியலை மட்டும் காட்டும். அந்த ஒரு எழுத்து விட்டுப்போனால் நிஜமாகவே ஃபார்மட் அடித்துவிடும் என்பதால், என்டர் தட்டுவதற்கு முன் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஃபார்மட் அடித்த கட்டளையை ஒரு தாளில் எழுதி டிஸ்க் பெட்டியின் அடியில் ஒட்டிவைத்திருந்தால் விருப்பங்களை நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.